பதினேழு பார்

சசிகலாவை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே பாஞ்சாலிதான். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அடிவயிறு எரிந்தது.

இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணன் பரசுராமனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பாஞ்சாலி, தம்பி வசந்தகுமாருக்குச் சசிகலா. பிள்ளைப்பாக்கத்தில் ஏரிக்குக் கீழே இருந்த வீட்டை நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பிப் பிரித்து, ஆளுக்கொரு பாகமாக இருந்தார்கள். இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் சசிகலா நாள் முழுக்கச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, படித்த பெண் எதற்கு வீட்டிலேயே குந்திக்கொண்டிருக்க வேண்டும் என்று பாஞ்சாலிதான் சூப்பர்வைசரிடம் பேசினாள். தன் பக்கத்து பெஞ்சிலேயே இடமும் வாங்கிக் கொடுத்தாள். அது நடந்து ஒன்றே கால் வருஷம் இருக்கும்.

கம்பெனி வல்லம் வடகாலில் இருந்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பிரேக்குக்குப் போகிற ரப்பர் ஓஸ் அங்கே தயாரானது. செய்து முடித்த ஓஸ் ஒவ்வொன்றையும் சோதித்து அனுப்புகிற இடத்தில் மூன்று பெஞ்சு. பாஞ்சாலி, சசிகலா, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற தென்காசிப் பெண் மாடத்தி. முழ நீள ஓஸை எடுத்து இரண்டு முனையையும் பெஞ்சின் பித்தளை வாயில் மாட்டி இறுக்க வேண்டும். வால்வைத் திருகினால் ஓஸுக்குள் தண்ணீர் ஏறும், மேலே வட்டமான டயலில் முள் நகரும். சொன்ன அழுத்தம் வந்ததும் நிறுத்தி முப்பது எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டே துணியால் ஓஸை நெடுகத் துடைத்து, எங்கேயாவது ஈரம் துளிர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். துளிர்த்தால் சிவப்புக் கூடை, இல்லாவிட்டால் பச்சைக் கூடை. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் கை தண்ணீரிலேயே ஊறும். ஐப்பசி, கார்த்திகையில் விரல் நுனியெல்லாம் வெளுத்து, ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி சுருங்கிப்போகும்.

பாஞ்சாலியின் அந்த விரலைத்தான் கம்பெனியில் எல்லோரும் நம்பினார்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைக்கூட அவள் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள். சந்தேகமாக ஒரு ஓஸ் வந்தால் பாஞ்சாலிக்காவிடம் கொடு என்பார்கள். ஒன்பது வருஷமாக அவள் கான்ட்ராக்டில்தான் இருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிற்றில் அட்டை தொங்கும். கம்பெனி ரோலில் இருக்கிற நிரந்தரக்காரர்களுக்கு நீலக் கயிறு. அவர்களுக்கு லீவு போட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் கிடையாது. உடம்புக்கு வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கேட்டில் செக்யூரிட்டி எழுந்து நிற்பான். பாஞ்சாலிக்கு இதெல்லாம் தெரியும். கேட்க வாய் வந்ததில்லை.

அந்த ஐப்பசியில் புது கஸ்டமர் ஒருவருடைய ஆர்டர் வந்தது. கூடவே வந்த தாளில் ஓஸைப் பதினேழு பார் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. பெஞ்சில் இருந்ததோ பழைய டயல். அதில் பிஎஸ்ஐ மட்டும்தான். அங்கே எல்லோரும் அதைப் பவுண்டு என்பார்கள். பார் போட்ட டயல் வர ஒரு மாதம் ஆகும். இன்ஜினியர் மணிகண்டபிரபு தாளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பெஞ்சுக்கும் நடுவில் நின்றார். முப்பது வயதுகூட ஆகாத பையன். நாலு பக்கமிருந்தும் போன் வந்துகொண்டே இருக்கும்.

பதினேழு பாருக்கு எத்தனை பவுண்டு என்று அவர் போனில் தேடுவதற்குள் சசிகலா சொல்லிவிட்டாள்.

“இருநூத்தி நாப்பத்தொண்ணு சார்.”

எப்படி என்று கேட்டார். போன மாதம் செய்த ஆர்டரில் அழுத்தத்துக்குக் கிலோ கணக்கு இருந்தது, அதற்குப் பதினாலு புள்ளி ரெண்டால் பெருக்கினோம், இதற்கும் அப்படித்தான் பெருக்கினேன் என்றாள். பாரும் கிலோவும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று அவரும் தலையாட்டினார். அதற்குள் மறுபடி போன் அடித்தது. அன்றைக்கே சசிகலா பல அழுத்தங்களுக்கும் பவுண்டுக் கணக்குப் போட்டு ஒரு அட்டவணை எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். லேமினேஷன் செய்து மூன்று பெஞ்சுக்கும் மேலே ஒட்டினார்கள். கீழே ஓரத்தில், தயாரித்தவர் சசிகலா என்று இருந்தது.

பாஞ்சாலி நிமிர்ந்தால் அந்தப் பெயர்தான் கண்ணில் பட்டது. அவளுடைய ஒன்பது வருஷத்தில் அந்தச் சுவரில் யாரும் அவள் பெயரை எழுதியதில்லை. எழுதாதது ஒரு குறையாக அதற்கு முன்னால் தோன்றியதும் இல்லை.

அதோடு நிற்கவில்லை. புது லைன் ஓடத் தொடங்கியதும் மூன்று பேரில் ஒருத்தியை கம்பெனி ரோலில் எடுத்து லீடராகப் போடப்போவதாக மணிகண்டபிரபு சொன்னார். அதுவரைக்கும் சசிகலா பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஒவ்வொரு மணி நேரமும் என்ன அழுத்தத்தில் சோதித்தோம் என்று அவரவர் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். ஷிப்டு முடிகிறபோது மூன்று ரெஜிஸ்டரிலும் சசிகலா கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் நாள் பாஞ்சாலியின் ரெஜிஸ்டரை வாங்கிக் கையெழுத்துப் போட்டபோது சசிகலா லேசாகச் சிரித்தாள். அவள் எப்போதும் சிரிக்கிறவள்தான். ஆனால் அன்றைக்கு அந்தச் சிரிப்பு பாஞ்சாலிக்கு வேறு மாதிரி பட்டது. கையெழுத்துப் போட வாங்கிய பேனாவை அவள் திருப்பித் தரவில்லை என்பதைக்கூட வீட்டுக்கு வரும் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டிலும் அதே பேச்சுத்தான். பரசுராமன் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டினான். பதினேழு பார் என்றதும், வல்லம் முதல் மண்ணூர் வரைக்கும் எண்ணினாலும் அத்தனை பார் இருக்காதே என்று சிரித்துவிட்டு, ஆனாலும் சசி மண்டைதான் மண்டை, வாயாலேயே கணக்குப் போடுதே என்றான். எட்டாவது படிக்கிற பெண் தேவிப்பிரியா கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு சித்தியிடம் போனாள். அவள் ஒரு வருஷமாகப் போய்க்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்குத்தான் பாஞ்சாலி கவனித்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அடுப்பில் நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு கொதித்தது. அந்தக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் போவது வழக்கம். வசந்தகுமாருக்கு அண்ணி கைக் குழம்பு என்றால் உயிர். பாஞ்சாலி கிண்ணத்தை எடுத்தாள், கழுவினாள், கவிழ்த்து வைத்துவிட்டாள். ஏன் இன்றைக்குக் குழம்பு வரவில்லை என்று மறுநாள் யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாள். கேட்கவில்லை. அதுவும் கோபமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பரசுராமன் வேனுக்குக் காற்றுப் பிடிக்கக் கிளம்பினான். காய்கறி வாங்க அவளும் கூடப் போனாள். வல்லம் கூட்டு ரோட்டில் திருநெல்வேலிப் பக்கத்து ஆள் மகாராஜா பஞ்சர் கடை வைத்திருந்தான். மழை விட்டு விட்டுப் பெய்தது. கன்டெய்னர் லாரிகள் ரோட்டையே சேறாக்கிவிட்டிருந்தன. பரசுராமன் டீ குடிக்கப் போக, அவள் தார்ப்பாய்க்குக் கீழே நின்றாள். மகாராஜா ஒரு லாரி டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தான். கையில் புது மாதிரி மீட்டர். டயலுக்குப் பதிலாகக் கண்ணாடிக்குள் நம்பர் தெரிந்தது.

அது பவுண்டா என்று கேட்டாள். பவுண்டும் காட்டும், பாரும் காட்டும், கிலோவும் காட்டும், இந்தப் பொத்தானை அமுக்கினால் மாறும் என்றான். காட்டச் சொன்னாள். டயரில் நூற்றிருபது பவுண்டு இருந்தது. ஒரு தடவை அமுக்கினான். எட்டு புள்ளி இரண்டு ஏழு, பார் என்று வந்தது. இன்னொரு தடவை அமுக்கினான். எட்டு புள்ளி நாலு நாலு, கிலோ என்று வந்தது.

“ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றாங்களே தம்பி,” என்றாள் பாஞ்சாலி.

“அதெப்டிக்கா ஒண்ணாவும்? ஒரே டயரு, ஒரே காத்து. பேரு வேறல்லா, நம்பரும் வேறதான் வரும். டயருக்கு இந்த வித்தியாசம் ஒண்ணும் செய்யாது, அதனால நாங்க கண்டுக்கிட மாட்டோம்.”

அவள் காய்கறி வாங்கவில்லை. தலை வலிக்கிறது என்று வீட்டுக்குத் திரும்பிவந்து, தேவிப்பிரியாவின் ரஃப் நோட்டோடு உட்கார்ந்தாள். பத்தாவதோடு நின்றவள். வகுத்தல் மறந்துபோயிருந்தது. செல்போனில் இருந்த கால்குலேட்டரில் நூற்றிருபதை எட்டு புள்ளி இரண்டு ஏழால் வகுத்தாள். பதினாலரை வந்தது. எட்டு புள்ளி நாலு நாலால் வகுத்தாள். பதினாலு புள்ளி இரண்டு வந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்தாள், மாறவில்லை. ஒரு பாருக்குப் பதினாலரை பவுண்டு. ஒரு கிலோவுக்குத்தான் பதினாலு புள்ளி இரண்டு. அப்படியானால் பதினேழு பாருக்கு இருநூற்று நாற்பத்தேழு வர வேண்டும். சசிகலா கிலோவின் கணக்கைப் பாருக்குப் போட்டு இருநூற்று நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டாள். இன்ஜினியரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பாஞ்சாலிக்கு வந்த சந்தோஷம் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. எழுந்து போய் முகம் கழுவினாள். உடனே அந்தப் பக்கம் போய், அடியே, கணக்குத் தப்புடி என்று சொல்லியிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் சசிகலா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. நாலு எட்டு வைத்தால் போதும். வைக்கவில்லை. பெரிய படிப்பு படித்தவள், அவளே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தாள். புது டயல் வந்ததும் எல்லோருக்கும் முன்னால் அவளுடைய அட்டவணை நாறட்டும் என்றும் நினைத்தாள். இரண்டாவதை நினைத்தபோது வாய்க்குள் இனிப்பாக இருந்தது.

திங்கட்கிழமைதான் புது ஆர்டர் ஓஸ் முதன்முதலாகப் பெஞ்சுக்கு வந்தது. பாஞ்சாலி தன் பெஞ்சில் முள்ளை இருநூற்று நாற்பத்தேழுக்கு ஏற்றினாள். தப்பான அழுத்தத்தில் பார்த்துப் பச்சைக் கூடையில் போட அவளுக்குக் கை வரவில்லை. பிரேக்குக்குப் போகிற ஓஸ். பக்கத்தில் சசிகலாவும் அதற்கப்பால் மாடத்தியும் இருநூற்று நாற்பத்தொன்றில் வைத்தார்கள். டயலில் பார்த்தால் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். ரெஜிஸ்டரில் என்ன எழுதுவது என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். இத்தனை வருஷம் பொய்யாக எழுதியதில்லை, அதனால் 247 என்றே எழுதினாள். சாயங்காலம் சசிகலா மூன்று ரெஜிஸ்டரையும் வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. நம்பரைப் பார்க்காமலேயே போடுகிறாள், இவளுக்கு லீடர் வேலை ஒரு கேடா என்று பாஞ்சாலி மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

செவ்வாயும் புதனும் அப்படியே போயின. தன் பச்சைக் கூடையைப் பார்க்கிறபோது நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்துக் கூடை கண்ணில் பட்டால் தலையைத் திருப்பிக்கொண்டாள். புதன்கிழமை மத்தியானம் கேன்டீனில் சசிகலா, “இன்னாக்கா, ரெண்டு நாளா மூஞ்சே சரியில்ல, ஒடம்புக்கு இன்னா?” என்று கேட்டுத் தன் டப்பாவிலிருந்து முட்டைத் தொக்கை எடுத்து வைத்தாள். அப்போது சொல்லிவிடலாம் என்று பாஞ்சாலிக்கு நாக்கு நுனி வரை வந்தது. அந்த நேரம் பார்த்து மணிகண்டபிரபு வந்து, சசிகலா, அந்த அட்டவணையை அடுத்த லைனுக்கும் ஒன்று போட்டுக் கொடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். பாஞ்சாலி தொக்கைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் யாரும் எதிர்பார்க்காமல் கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஏலவார்குழலி என்று ஒரு அம்மா வந்தார்கள். நரைத்த தலை, சல்வார், காலில் ஷூ. கைப்பையிலிருந்து தன் சொந்த மீட்டரை எடுத்து முதலில் மாடத்தி பெஞ்சில் மாட்டினார்கள். பதினாறு புள்ளி ஆறு பார் காட்டியது. சசிகலா பெஞ்சிலும் அதே. பாஞ்சாலி பெஞ்சில் மாட்டினார்கள். பதினேழு.

அந்த அம்மா கத்தவில்லை. அட்டவணையை நிமிர்ந்து பார்த்தார்கள். பாருக்குக் கிலோ கணக்கைப் போட்டிருக்கிறீர்கள் என்றார்கள். மூன்று நாளில் அந்த இரண்டு பெஞ்சிலும் பார்த்த அறுநூற்று அறுபது ஓஸையும் திரும்பப் பார்த்துவிட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். சசிகலா முகத்தில் ரத்தமே இல்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணிகண்டபிரபு தன் கையெழுத்தும் அந்த அட்டவணையில் இருப்பதைப் பார்த்துவிட்டு அதைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தார். அப்புறம் பாஞ்சாலியின் ரெஜிஸ்டரைப் புரட்டினார். மூன்று நாளும் 247.

அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?”

“தெரியும் சார்.”

“அப்ப ஏன் சொல்லல?”

அவர் முகத்தில் கோபமும் சந்தேகமும் இல்லை. தன் தலை தப்புமா என்ற கவலைதான் இருந்தது. அவரே பதிலையும் சொன்னார்.

“நான் சைன் போட்டதாச்சே, எப்டி சொல்றதுன்னு பயந்துட்டீங்க. அதானே?”

“ஆமா சார்,” என்றாள் பாஞ்சாலி.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று பெஞ்சில் ஒன்றாவது சரியாக இருந்ததால்தான் கம்பெனி மானம் தப்பியது என்று சாயங்காலம் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்கள். கை தட்டினார்கள். சசிகலாவை மறுநாளிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கம்பெனி ரோலுக்குப் பாஞ்சாலியின் பெயர் போயிற்று. பஸ்ஸில் வருகிறபோது எல்லோரும் அவளிடம் பேசினார்கள். சசிகலா பின் சீட்டில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் வசந்தகுமார் அண்ணனிடம் வந்து நின்றான். அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளிடம் சொல்லவில்லை, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். குரலை உயர்த்தவில்லை. பரசுராமன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தாள். இன்ஜினியரிடம் சொன்ன பயத்தைக் கொழுந்தனிடம் சொல்ல முடியவில்லை. அவன் போய்விட்டான். தேவிப்பிரியா அன்றைக்குக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு எங்கும் போகவில்லை. பாஞ்சாலி ஆசைப்பட்டது எல்லாமே நடந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் சோறு மட்டும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறுநூற்று அறுபது ஓஸையும் திரும்பப் பார்க்க மூன்று பேரையும் வரச் சொன்னார்கள். கேன்டீன் மூடியிருந்தது. மற்ற மெஷின்கள் ஓடாததால் ஷெட்டில் மழைச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. தகரக் கூரையில் விழுந்து, ஓரத்துப் பைப் வழியாக ஓடி, வெளியே ஒரு காலத்தில் நெல் வயலாக இருந்த பள்ளத்தில் தேங்கியது. மூவரும் வேலை பார்த்தார்கள். மாட்டு, திருகு, எண்ணு, துடை, கழற்று. டயலில் முள் வந்து நிற்க வேண்டிய இருநூற்று நாற்பத்தேழில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இப்போது யாருக்கும் கணக்கு தேவைப்படவில்லை.

ஒரு மணி வரைக்கும் முந்நூறு ஓஸுக்கு மேல் பார்த்தாகிவிட்டது. ஒன்றுகூடக் கசியவில்லை. இத்தனை பாடும் வீண், எல்லாமே நல்ல சரக்குதான் என்று மாடத்தி சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். பாஞ்சாலி கையில் இருந்ததை முடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றாள். முள் இருநூற்று நாற்பதைத் தாண்டியது, நாற்பத்தைந்தைத் தாண்டியது. பதினெட்டு எண்ணும்போது முனையிலிருந்து நாலு விரல் தள்ளி, துணியில் படாத ஒரு ஈரம் விரலில் பட்டது. துடைத்தாள். மறுபடி வந்தது. முத்து மாதிரி ஒரு சொட்டு உருண்டு திரண்டு, ஓஸின் அடியில் தொங்கியது.

ஓஸில் கட்டியிருந்த டேகைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை. சசிகலா பெஞ்சு. பாஸ்.

“சசி,” என்று கூப்பிட்டாள். மூன்று நாளுக்குப் பிறகு கூப்பிடுகிறாள்.

சசிகலா வந்து பார்த்தாள். இரண்டு பேரும் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது விழுந்தது, இன்னொன்று திரண்டது. இந்த ஓஸ் ஏதோ ஒரு பஸ்ஸின் அடியில், ஏதோ ஒரு மழை நாளில் இருந்திருக்கும் என்று பாஞ்சாலி நினைத்தாள். தான் வாயைத் திறந்திருந்தால் செவ்வாய்க்கிழமையே சிவப்புக் கூடைக்குப் போயிருக்கும். பெஞ்சின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்குப் போன ஞாயித்துக்கெயமயே தெரியும்டி,” என்றாள். “பயந்துகினு சொல்லாம இல்ல. நீ மாட்டணும்னுதான் சொல்லல.”

சசிகலா வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கினாள். முள் பூஜ்யத்துக்கு வந்தது. ஓஸைக் கழற்றவில்லை. ஈரக் கையை யூனிபாரத்தில் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து செல்போனை எடுத்து, ஒரு போட்டோவைத் தேடிக் காட்டினாள். பாஞ்சாலியின் ரெஜிஸ்டர். திங்கட்கிழமைப் பக்கம். 247, 247, 247. அடியில் சசிகலா கையெழுத்து.

“நான் பாக்காம சைன் போட்டேன்னு நெனச்சிகினு இருந்தியாக்கா? மொத நாளே பாத்தேன். அக்கா தப்பா வெக்குதுன்னு நெனச்சேன். டயலு பாக்கத் தெரியல, இதுக்குப் போயி எல்லாரும் பாஞ்சாலிக்கா, பாஞ்சாலிக்கான்றாங்களேன்னு இருந்துச்சு. நான் கண்ணால பாத்துக் கண்டுபிடிச்சத நீ தடவிப் பாத்து இல்லன்னுட்டா, இன்ஜினியரே ஒன் பேச்சத்தான் கேப்பாரு. எங்க ஊட்டுக்காரருகூட அண்ணி கை, அண்ணி கைன்னுதான் சாப்புடுவாரு. அதான் போட்டோ எடுத்து வெச்சிகினேன். வெள்ளிக்கெயம சாருகிட்ட காட்டலாம்னு.”

“வெள்ளிக்கெயமயா?”

“நாலு நாளு சேரட்டும்னு.”

பாஞ்சாலி அவளையே பார்த்தாள். திங்கட்கிழமை சாயங்காலம், ஏன் இப்படி வைத்தாய் என்று இவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் போதும், தான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒருத்தி விழுவதற்கு இன்னொருத்தி நாளை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். முட்டைத் தொக்கு நினைவுக்கு வந்தது. அதை எதற்கு வைத்தாய் என்று கேட்டாள்.

“அது நெஜமாத்தான் வெச்சேன். ஒன் மூஞ்சி வாடிப் போயிருந்துச்சு,” என்றாள் சசிகலா. சொல்லும்போதே அழுதுவிட்டாள். பாஞ்சாலிக்கு அழுகை வரவில்லை. சாரிடம் நாளைக்கே போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றாள் சசிகலா. உன்னுடையதைச் சொன்னால் என்னுடையதும் வரும், சைன் போட்டவள் நான், அப்புறம் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு வேறு யாரையாவது வைத்துக்கொள்வார்கள். அவள் சொன்னது சரிதான். சரியாக இருப்பதாலேயே பாஞ்சாலிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவள் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

கசிந்த ஓஸை யாரும் திரும்ப எடுத்துவிடாதபடி வெட்டித்தான் போட வேண்டும். பாஞ்சாலி அதைக் கட்டரில் வைத்தாள். சசிகலா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தபோது இருவர் டப்பாவும் தனித்தனியாகத்தான் இருந்தது. மீதி ஓஸ் முழுவதையும் சாயங்காலத்துக்குள் பார்த்து முடித்தார்கள். வேறு எதுவும் கசியவில்லை.

சசிகலா பேக்கிங்கில் பத்து நாள்தான் இருந்தாள். மண்ணூர்ப் பக்கம் ஹைட்ராலிக் பம்பு செய்கிற ஒரு புதுக் கம்பெனியில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிப் போட்டாள், கூப்பிட்டார்கள், கணக்குப் பரீட்சை வைத்து எடுத்துக்கொண்டார்கள். நேராகக் கம்பெனி ரோலிலேயே எடுத்தார்களாம். வசந்தகுமார் இதைத் தெருவில் நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னான். பாஞ்சாலி அப்போதுதான் நீலக் கயிற்றுக்கு மாறி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒன்பது வருஷம் தனக்கு, ஒரே பரீட்சை இவளுக்கு என்று நெஞ்சுக்குள் பழைய இடத்திலேயே பிறாண்டியது. ச்சீ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அதட்டினால் போகிற ஆசாமியாக அது இல்லை.

மார்கழி பிறந்த பிறகு ஒரு நாள் காலை. ஏரிப் பக்கமிருந்து பனி இறங்கி ரோடே தெரியவில்லை. இரண்டு பேருக்கும் வெவ்வேறு பஸ். இரண்டும் தாமதம். சசிகலா புது யூனிபாரத்தில் நின்றாள், சாம்பல் நிறம், அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. வேலை எப்படி என்று பாஞ்சாலிதான் முதலில் கேட்டாள். பரவாயில்லை என்றாள் சசிகலா. அங்கேயும் டெஸ்ட்டிங்தான், ஆனால் ரொம்பப் பெரிய அழுத்தம் என்றாள்.

“அங்க இன்னா, பவுண்டா பாரா?”

“ரெண்டும் இல்லக்கா. மெகா பாஸ்கல்.”

பாஞ்சாலி அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. ஓஹோ என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது என்ன, எவ்வளவு என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தூரத்தில் பஸ்ஸின் மஞ்சள் வெளிச்சம் பனிக்குள் கலங்கலாகத் தெரிந்தது, யாருடைய பஸ் என்று தெரியவில்லை.

“ஒரு மெகா பாஸ்கலுக்குப் பத்து பாருக்கா,” என்றாள் சசிகலா. அவளும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாஞ்சாலி உதட்டை அசைக்காமல் போட்டுப் பார்த்தாள். பத்து பார், பாருக்குப் பதினாலரை.

“நூத்தி நாப்பத்தஞ்சு பவுண்டு,” என்றாள்.

சசிகலா சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். இவ்வளவு சீக்கிரம் சொல்லுவாள் என்று எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த முகம் ஒரு நொடி சுண்டியதும் தெரிந்தது. பாஞ்சாலிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பஸ் வந்து நின்றது, பாஞ்சாலியுடையதுதான். ஏறுகிறபோது திரும்பி, சாயங்காலம் குழம்பு வைக்கிறேன், ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பு என்று சொன்னாள்.